மின்னஞ்சல் மறையாக்க மென்பொருளில் வழு திருத்துவது எப்படி: குனூபிஜியை வைத்து ஒரு முழு வழிகாட்டி

திறந்த மூல மறையாக்க மென்பொருளில் வழு திருத்த வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். நிரலாக்கம் தெரியாததால் அல்ல. வழு எந்த அடுக்கில் இருக்கிறது என்று உறுதிசெய்வதற்கு முன்பே மூல நிரலைத் திறந்துவிடுகிறார்கள். மடல்களை மறையாக்கவும் கையொப்பமிடவும் உதவும் கட்டற்ற மென்பொருளான குனூபிஜிக்குள் மூன்று நாள் தேடிய பிறகு, கோளாறு மடலை இரண்டாகப் பிரித்த மின்னஞ்சல் செயலியில் இருந்தது தெரியவரும். இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

சி மொழியைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பழக்கம், கிட், டெர்மினல் இவை மூன்றும் போதும். மறையாக்கக் கணிதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நான் பார்த்த வழுக்களில் பெரும்பாலானவை கணிதத்தில் இல்லை. ஒரு நிரல் தந்த பைட்டுகளை இன்னொரு நிரல் தப்பாக வாங்கிய இடத்தில் இருந்தன.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு லினக்ஸ் கணினி, சி கம்பைலர், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், கெட்டெக்ஸ்ட், கிட், ஓடும் நிரலை நிறுத்திப் பார்க்க ஜிடிபி, நினைவகப் பிழைகளைப் பிடிக்க வால்கிரைண்ட். விண்டோஸில் மட்டும் வரும் வழுவாக இருந்தாலும் முதலில் லினக்ஸில் வருகிறதா என்று பாருங்கள். அங்கே கட்டமைப்பதும் தடம் பிடிப்பதும் எளிது.

இரண்டு ஆவணங்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஆர்எஃப்சி எனப்படும் இணைய வரையறை ஆவணங்கள். ஒன்று, 2007-ல் வந்த ஆர்எஃப்சி 4880. குனூபிஜி கையாளும் ஓபன்பிஜிபி வடிவத்தில் ஒரு செய்தி எந்தெந்தப் பாக்கெட்டுகளால் ஆனது என்பது அதில் இருக்கிறது. மற்றது, 2001-ல் வந்த ஆர்எஃப்சி 3156. அந்தப் பாக்கெட்டுகள் மின்னஞ்சலுக்குள் எப்படி உட்கார வேண்டும் என்பதை அது சொல்கிறது. முழுக்கப் படிக்க வேண்டாம், தேடிப் பார்க்கும் அகராதி போல வைத்துக்கொண்டால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 4880-க்குப் பதிலாக 2024 ஜூலையில் ஆர்எஃப்சி 9580 வந்துவிட்டது. குனூபிஜி அந்த வழியில் போகவில்லை; லிப்ரேபிஜிபி என்ற தனி வரையறையைப் பின்பற்றுகிறது. எனவே "அந்த மென்பொருள் உருவாக்கிய சாவியை இது வாசிக்க மறுக்கிறது" என்ற புகார் வந்தால், அது வழுவா, இரண்டு வரையறைகளுக்கு இடையிலான வேறுபாடா என்று முதலில் பாருங்கள். வேறுபாடு என்றால் உங்கள் பேட்ச் (திருத்தக் கோப்பு) எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏற்கப்படாது.

2. உங்கள் சொந்தச் சாவியை ஒதுக்கி வையுங்கள்

சோதனைக்கென்று தனி ஃபோல்டர் உருவாக்கி, குனூபிஜிஹோம் என்ற சூழல் மாறியை அதற்குத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது. சோதனையில் இருக்கும் நிரல் சாவிக்கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதலாம், பாதியில் நின்று போகலாம். பத்து வருட மடல்களைத் திறக்கும் ஒரே சாவி அங்கே இருந்தால் அதை யாராலும் மீட்டுத் தர முடியாது.

அந்த ஃபோல்டரின் அனுமதி 700 ஆக இருக்கட்டும். இல்லையென்றால் பாதுகாப்பற்ற அனுமதி என்ற எச்சரிக்கை ஒவ்வொரு ஓட்டத்திலும் வரும். நீங்கள் தேடும் உண்மையான செய்தி அந்தக் கூட்டத்தில் மறைந்துவிடும். ஃபோல்டரின் பாதை சின்னதாக இருக்கட்டும். லினக்ஸில் யூனிக்ஸ் சாக்கெட்டின் பாதைக்கு 108 பைட்தான் இடம். கன்டெய்னருக்குள் ஆழமான ஃபோல்டரில் வைத்துவிட்டு, ரகசியச் சாவிகளைக் காக்கும் பின்னணி நிரலான ஏஜென்ட் தொடங்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு நாள் முழுக்கத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சோதனைச் சாவிகள். குறைந்தது நான்கு வேண்டும்: ஆர்எஸ்ஏ, கர்வ்25519 என்ற இரண்டு மறையாக்க முறைகளில் ஆளுக்கு ஒரு சாவி, காலாவதியான துணைச்சாவி உள்ளது ஒன்று, பயனர் பெயர் தமிழில் இருப்பது ஒன்று. கடவுச்சொல் இல்லாமல், இடையில் கேள்வி எதுவும் கேட்காத முறையில், ஒரே ஸ்கிரிப்டில் உருவாக்கும்படி எழுதி வையுங்கள். ஒரே வாரத்தில் இந்த ஃபோல்டரை இருபது முறை அழித்துத் திரும்ப உருவாக்க வேண்டியிருக்கும்.

3. கட்டமைக்கும் வரிசை

முதலில் லிப்ஜிபிஜி-எரர். மற்ற நூலகங்களில் பெரும்பாலானவை பிழை எண்களை இதிலிருந்துதான் எடுக்கின்றன. அதன் பிறகு லிப்ஜிகிரிப்ட், லிப்அசுவான், லிப்கேஎஸ்பிஏ, என்பிடிஎச். கடைசியில் குனூபிஜி. உங்கள் லினக்ஸ் வழங்கலில் உள்ள நூலகங்கள் போதிய அளவு புதியவை என்றால் அவற்றையே பயன்படுத்தலாம். பழையவை என்றால் கான்ஃபிகர் படியே நிறுத்திச் சொல்லிவிடும்.

கிட்டிலிருந்து எடுத்த மூலத்தில் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்டி, மெயின்டெய்னர் முறையை இயக்கிக் கான்ஃபிகர் செய்யுங்கள். நிறுவும் இடம் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் தனியாக இருக்கட்டும். கணினியில் ஏற்கெனவே உள்ள ஜிபிஜியின் (குனூபிஜியின் முதன்மை நிரல்) மேல் எழுதிவிடாதீர்கள். மென்பொருள் தொகுப்புகளின் கையொப்பத்தைச் சரிபார்க்க வழங்கலே அதை நம்பியிருக்கலாம்.

கட்டமைத்ததும், ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன், மூலத்தோடு வரும் சோதனைகளை ஓட்டும் மேக் செக் கட்டளையை ஓட்டி முடிவைக் கோப்பில் சேமியுங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே இரண்டு சோதனைகள் தோற்கின்றன என்றால் அது இப்போதே தெரிய வேண்டும். பிறகு தெரிந்தால் உங்கள் மாற்றத்தின் மேல் பழி விழும்.

இந்தப் படியில் புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது ஏஜென்ட். ஜிபிஜி ரகசியச் சாவியைத் தானாகத் தொடுவதில்லை. பின்னணியில் ஓடும் ஜிபிஜி-ஏஜென்டிடம் கேட்கிறது. நீங்கள் புதிதாகக் கட்டமைத்த ஜிபிஜி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஏஜென்டோடு பேசிக்கொண்டிருக்கலாம். ஏஜென்ட் நம்மைவிடப் பழையது என்று ஒரு வரி எச்சரிக்கை வரும், பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஏஜென்டின் நிரலைத் திருத்திவிட்டு எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான். ஒவ்வொரு முறை கட்டமைத்த பிறகும் நிறுவுங்கள். ஜிபிஜிகான்ஃப் நிரலின் கில் கட்டளையால் எல்லாப் பின்னணி நிரல்களையும் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு சோதியுங்கள்.

4. வழு எந்த அடுக்கில் இருக்கிறது?

இந்த ஒரு படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் ஒதுக்குங்கள். மேலிருந்து கீழாக அடுக்குகள் இப்படி: மின்னஞ்சல் செயலி, மடலைப் பகுதிகளாகப் பிரிக்கும் மைம் நிரல், ஜிபிஜிஎம்இ என்ற இடைநூலகம், ஜிபிஜி, ஏஜென்ட், எல்லாவற்றுக்கும் அடியில் மறையாக்கக் கணிதத்தைச் செய்யும் லிப்ஜிகிரிப்ட். எல்லாச் செயலிகளுக்கும் இந்த அடுக்குகள் இருப்பதில்லை. தண்டர்பேர்ட் 2020-ல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து ஆர்என்பி என்ற வேறு நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அது ஒரு வசதியும்கூட: ஒரே மடலை இரண்டு பாதைகளில் திறந்து பார்க்கலாம்.

அடிக்கடி வரும் ஒரு புகாரையே எடுத்துக்கொள்வோம். "நண்பர் அனுப்பிய மடலின் கையொப்பம் செல்லாது என்று வருகிறது. அவர் சரியாகத்தான் கையொப்பமிட்டிருக்கிறார்."

முதலில் மூல மடலை அப்படியே கோப்பாகச் சேமியுங்கள். திரையிலிருந்து நகலெடுத்து ஒட்டாதீர்கள். ஒட்டும்போது வரி முடிவுகளும் வரிக்கடைசி வெற்றிடங்களும் மாறிவிடும். அதன் பிறகு கையொப்பமிடப்பட்ட பகுதியை ஒரு கோப்பாகவும், கையொப்பத்தை இன்னொரு கோப்பாகவும் கையாலேயே வெட்டி எடுங்கள்.

வெட்டும்போது மூன்று விஷயங்கள். கையொப்பம் மடலின் உரைக்கு மட்டும் அல்ல, அந்தப் பகுதியின் தலைப்பு வரிகளுக்கும் சேர்த்தே. வரி முடிவுகள் இரண்டு பைட் கொண்டவையாக, அதாவது சிஆர், எல்எஃப் இரண்டும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்; லினக்ஸில் சேமித்த கோப்பில் அநேகமாக எல்எஃப் மட்டும்தான் இருக்கும், மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவதில்தான் எல்லோரும் விழுகிறார்கள்: மடலின் பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள வரிமுடிவு எல்லைக்கோட்டுக்குச் சொந்தம், மடல் பகுதிக்கு அல்ல.

முதன்முதலில் இதைச் செய்தபோது நான் அந்த இரண்டு பைட்டுகளையும் சேர்த்து வெட்டினேன். ஜிபிஜி கையொப்பம் செல்லாது என்றது. கோப்பின் கடைசியில் இருந்த அந்த இரண்டு பைட்டை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டினேன். கையொப்பம் சரி என்று வந்தது. இரண்டு கோப்புகளையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு எந்த வேறுபாடும் தெரியாது. பதினாறடிமான எண்களாகக் காட்டும் கருவியில்தான் தெரியும். அன்றிலிருந்து உரைத் திருத்தியை நம்பி இந்த வேலையைச் செய்ததே இல்லை.

இப்போது முடிவைப் பாருங்கள். கையால் வெட்டியது சரியாக இருந்து, செயலி மட்டும் செல்லாது என்றால் வழு செயலியின் மைம் நிரலில் இருக்கிறது. குனூபிஜியைத் தொட வேண்டாம். கையால் வெட்டியதும் செல்லாது என்றால், மடல் வழியில் மாறியிருக்கலாம். மடற்குழுக்கள் அடியில் ஒரு குறிப்பு சேர்க்கும், சில சேவையகங்கள் வரிக்கடைசி வெற்றிடத்தை வெட்டும். அனுப்பியவரின் அனுப்பிய மடல்கள் ஃபோல்டரில் உள்ள நகலைக் கேட்டு வாங்கி, பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். அதுவும் ஒத்துப்போனால்தான் ஜிபிஜியின் மேல் சந்தேகம் வர வேண்டும்.

லிஸ்ட்-பாக்கெட்ஸ் ஆப்ஷனோடு கையொப்பக் கோப்பை ஓட்டினால் கையொப்பத்தின் வகையும் தெரியும். வகை 00 என்றால் பைட்டுகளின் மேல் இட்டது. வகை 01 என்றால் உரையின் மேல் இட்டது; அதில் வரிமுடிவை ஜிபிஜியே சீராக்கிக்கொள்ளும். ஒரே வரிமுடிவுக் கோளாறு ஒருவர் மடலில் தெரிந்து, இன்னொருவர் மடலில் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

தமிழ் மடலை வைத்துச் சோதிப்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். மொழிப்பற்றினால் மட்டும் அல்ல. கையொப்பமிடும் மடல் 7-பிட் வடிவில் இருக்க வேண்டும் என்பது ஆர்எஃப்சி 3156-ன் விதி. யூடிஎஃப்-8-ல் "க" என்ற எழுத்துக்கு 3 பைட். ஒவ்வொரு பைட்டையும் மூன்று சாதாரண எழுத்துகளாக எழுதி 7-பிட்டாக்கும் கோட்டட்-பிரிண்டபிள் முறையில் அது 9 எழுத்தாகும். "தமிழ்" என்ற சொல்லில் 5 யூனிகோடு குறிகள், எனவே 45 எழுத்து. ஒரு வரிக்கு 76-தான் வரம்பு. ஒரே வரியில் அந்தச் சொல் இரண்டு முறைகூட அடங்காது, வாசிக்கும்போது நீக்கப்படும் தற்காலிக வரிமுறிவான மென்முறிவு போட்டுத்தான் ஆக வேண்டும். ஆங்கில மடலில் பத்தியின் நடுவில் எப்போதாவது வரும் முறிவு, தமிழ் மடலில் வரிக்கு வரி வரும். முறிவைச் சேர்க்கும் நிரலில் ஓட்டை இருந்தால் உடனே மாட்டிக்கொள்ளும்.

5. மறு உருவாக்கம்

புகார் சொன்னவரிடம் அவருடைய மடலையோ ரகசியச் சாவியையோ ஒருபோதும் கேட்காதீர்கள். பதற்றத்தில் சிலர் தாமாகவே அனுப்ப முன்வருவார்கள். வேண்டாம் என்று சொல்வது நம் பொறுப்பு. பதிப்பு எண், இயங்குதளம், பிழைச்செய்தி ஆகியவற்றைக் கேளுங்கள். பாக்கெட் பட்டியல் தேவைப்பட்டால், மறைநீக்காமல் எடுக்கச் சொல்லுங்கள். நிரல் தன் உள்வேலையை விவரமாக எழுதும் டீபக் லாக் கேட்பதாக இருந்தால், அதில் மறைக்க வேண்டியவை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த விவரங்களை வைத்து, உங்கள் சோதனைச் சாவியால் அதே அமைப்பில் ஒரு செய்தியை உருவாக்குங்கள். வழு வந்துவிட்டால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்: இணைப்பை எடுங்கள், சுருக்கத்தை நிறுத்துங்கள், பெறுநரை ஒருவராக்குங்கள். எதை எடுத்ததும் வழு மறைகிறதோ, காரணம் அதன் பக்கத்தில் இருக்கிறது.

காலாவதி சம்பந்தமான வழு என்றால் கணினியின் கடிகாரத்தை மாற்றாதீர்கள். ஜிபிஜியிலேயே ஃபேக்டு-சிஸ்டம்-டைம் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. தேதியின் முடிவில் ஆச்சரியக்குறி போட்டால் நேரம் அங்கேயே உறைந்து நிற்கும். சோதனை இன்றைக்கும் அடுத்த வருடமும் ஒரே முடிவைத் தர இது அவசியம்.

6. இது பாதுகாப்பு வழுவா?

வெளிப்படையாக எதையும் எழுதுவதற்கு முன் இங்கே நில்லுங்கள். சாவி இல்லாத ஒருவர் ஒரு மடலை அனுப்புவதன் மூலமே முடிவை மாற்ற முடியுமா? மறைத்த உரை எங்காவது கசிகிறதா? போலிக் கையொப்பம் நல்லதாகக் காட்டப்படுகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் திட்டத்தின் பாதுகாப்பு முகவரிக்குத் தனியாக எழுதுங்கள். உறுதியாகத் தெரியவில்லை என்றாலும் தனியாகவே எழுதுங்கள். தனியாகச் சொன்னதைப் பிறகு வெளியிடலாம், வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது.

வெளியே எந்த அறிகுறியும் காட்டாத வழுக்களும் உண்டு. தண்டர்பேர்ட் 78.8.1 முதல் 78.10.1 வரையான பதிப்புகளில், இறக்குமதி செய்த ரகசியச் சாவிகள் முதன்மைக் கடவுச்சொல்லின் பாதுகாப்பு இல்லாமல் வட்டில் எழுதப்பட்டன. மடல்கள் வழக்கம்போல் திறந்தன. 78.10.2-ல் வந்த திருத்தம் புதிய சாவிகளோடு நிற்காமல், ஏற்கெனவே பாதுகாப்பின்றிச் சேமிக்கப்பட்டவற்றையும் பாதுகாத்தது. உங்கள் திருத்தத்திலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: வழு இருந்த காலத்தில் எழுதப்பட்ட கோப்புகளின் கதி என்ன?

7. எந்தக் கமிட்டில் வந்தது?

முன்பு வேலை செய்தது, இப்போது செய்யவில்லை என்றால், கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கிட் பைசெக்ட். ஆயிரம் கமிட்டுகள் இருந்தாலும் சுமார் பத்துச் சோதனைகளில் முடிந்துவிடும். 5-ஆம் படியில் வழுவை வரவழைத்த கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டாக்கி அதற்குக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏஜென்டை நிறுத்தும் வரி அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. திருத்தம் எழுதும்போது

இந்தத் துறையில் பிழைச்செய்தி என்பது பயனருக்கான பாதுகாப்பு. "மடல் திறக்கவில்லை" என்ற புகாருக்கு, பிழையைத் தாண்டித் திறக்க வைப்பது தீர்வு ஆகாது. 2018 மே மாதம் வெளியான ஈஃபெயில் தாக்குதல் இதற்குச் சாட்சி. செய்தி மாற்றப்படவில்லை என்பதற்கான சரிபார்ப்பு இல்லாத மடல்களுக்கு ஜிபிஜி எச்சரிக்கை தந்தது. பல செயலிகள் அதைப் பொருட்படுத்தாமல் உரையைக் காட்டின. அடுத்த மாதம் வந்த 2.2.8 பதிப்பு அந்த எச்சரிக்கையை மறைநீக்கம் தோற்றது என்ற முழுப் பிழையாக மாற்றியது. பழைய மடல்கள் திறக்கவில்லை என்ற புகார் வரும் என்று தெரிந்தேதான் அதைச் செய்தார்கள். அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன்.

செயலியின் பக்கம் திருத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜிபிஜி மறைநீக்கிய உரையை ஓட ஓடவே வெளியே தரும், சரிபார்ப்பின் முடிவு கடைசியில்தான் தெரியும். எனவே மறைநீக்கம் சரி என்ற நிலைவரி (மற்ற நிரல்கள் படிப்பதற்காக ஜிபிஜி தரும் வரி) வந்து, நிரலும் நல்லபடியாக முடிந்த பிறகே உரையைத் திரையில் காட்டுங்கள்.

முடிவை அறிய மனிதர்களுக்கான செய்தியைப் படிக்காதீர்கள். அது பயனரின் மொழிக்கு ஏற்ப மாறும். ஸ்டேட்டஸ்-எஃப்டி ஆப்ஷன் தரும் நிலைவரிகளைப் படியுங்கள். அவற்றின் விளக்கம் மூலத்தின் டாக் ஃபோல்டரில் டீடெய்ல்ஸ் என்ற கோப்பில் இருக்கிறது. நிலைவரிகளுக்கென்று தனிக் குழாய் வையுங்கள், மற்ற செய்திகள் வரும் குழாயோடு கலக்காதீர்கள். சிக்ஸ்பூஃப் என்று பெயர் பெற்ற வழு (பாதுகாப்பு வழுப் பட்டியலில் சிவிஇ-2018-12020) அந்தக் கலப்பில்தான் உயிர் வாழ்ந்தது. செய்திக்குள் இருக்கும் கோப்புப் பெயரில் வரிமுடிவைச் செருகி, அதற்கு அடுத்து நல்ல கையொப்பம் என்ற போலி நிலைவரியை எழுத முடிந்தது. விவரமான செய்திகளைக் காட்டும் ஆப்ஷன் இயக்கத்தில் இருந்தால், ஜிபிஜி அந்தப் பெயரை அப்படியே அச்சிட்டது. இதுவும் 2.2.8-ல் சரிசெய்யப்பட்டது. வெளியிலிருந்து வரும் எந்தச் சரத்தையும் அச்சிடும் முன் துப்புரவாக்க வேண்டும் என்பதை எழுதும் ஒவ்வொரு வரியிலும் நினைவில் வையுங்கள்.

குனூபிஜியின் சி நிரலில் ஒரு வழக்கம் உண்டு. பெரும்பாலான ஃபங்ஷன்களின் கடைசியில் லீவ் என்ற லேபிள் இருக்கும். நினைவகத்தை விடுவிப்பது, ரகசியங்களை அழிப்பது எல்லாம் அங்கே நடக்கும். புதியவர்கள் தங்கள் புதிய நிபந்தனைக்குள் நேராக ரிட்டர்ன் எழுதிவிடுவார்கள். நிரல் ஓடும், சோதனையும் தேறும், ஆனால் ரகசியம் நினைவகத்திலேயே தங்கிவிடும். பிழை எண்ணை வைத்துவிட்டு லீவுக்குத் தாவுங்கள்.

அந்த ஒரு வழுவை மட்டும் திருத்துங்கள். பக்கத்து வரிகளின் உள்தள்ளலைச் சீராக்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். பாதுகாப்பு நிரலைச் சரிபார்ப்பவர் ஒவ்வொரு வரி மாற்றத்துக்கும் காரணம் தேடுவார்.

9. சோதனையும் அனுப்புவதும்

ஜிபிஜியின் சோதனைகள் ஸ்கீம் மொழியில் எழுதப்பட்டவை. அந்த மொழி தெரியாவிட்டாலும், டெஸ்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஓபன்பிஜிபி பிரிவில் நெருக்கமான ஒன்றைப் பார்த்து மாற்றி எழுதிவிடலாம். திருத்தம் இல்லாமல் ஓட்டித் தோற்கிறதா என்று பாருங்கள், பிறகு திருத்தத்தோடு ஓட்டுங்கள். முதல் பாதியை விட்டுவிட்டு, எப்போதும் தேறும் சோதனையை எழுதி வைத்தவர்கள் உண்டு. அப்புறம் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கட்டமைத்து ஒருமுறை ஓட்டுங்கள். 2021 ஜனவரியில் லிப்ஜிகிரிப்ட் 1.9.0-ல் வந்த, நினைவகத்தில் ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் வழு சில நாட்களிலேயே 1.9.1-ஐ வெளியிட வைத்தது. நன்கு தேர்ந்த கைகளிடமிருந்தே அப்படி ஒன்று நழுவ முடியும் என்றால், நம் பேட்சை நாம் இன்னும் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

கமிட் செய்தியின் முதல் வரி எந்தக் கூறு என்பதில் தொடங்கட்டும்: ஜிபிஜி, ஏஜென்ட் என்று. அதன் கீழே எந்தக் கோப்பில் எந்த ஃபங்ஷன் மாறியது, பிறகு ஏன் என்ற விளக்கம், வழுவின் எண். முதல்முறை பங்களிப்பவர்கள், இது நான் எழுதியது, தர எனக்கு உரிமை உண்டு என்ற டிசிஓ உறுதிமொழியைத் தங்கள் சாவியால் கையொப்பமிட்டு உருவாக்குநர் குழுவுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். இந்தக் கையொப்பத்துக்கு மட்டும் உங்கள் உண்மையான சாவியை எடுங்கள்.

பேட்சைக் கிட்டின் சென்ட்-இமெயில் வழியாக அனுப்புங்கள். செயலியில் ஒட்டி அனுப்பினால் நீளமான வரிகள் மடிந்து, பேட்ச் பொருந்தாமல் போகும்.

பதில் வர வாரங்கள் ஆகலாம். திருத்தச் சொன்னால், எல்லா மாற்றங்களையும் சேர்த்து முழுப் பேட்சை இரண்டாம் பதிப்பாக அனுப்புங்கள். சேர்க்கப்பட்டதும், நிலையான கிளைக்கும் இது தேவையா என்று கேட்டுவிடுங்கள். பயனர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அதுதான். முதலில் புகார் சொன்னவருக்கு எந்தப் பதிப்பில் வரும் என்று எழுதுங்கள். பிறகு ஏஜென்டை நிறுத்திவிட்டுச் சோதனை ஃபோல்டரை அழியுங்கள். ஸ்கிரிப்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வழுவுக்கு அதுதான் தொடக்கம்.